பதினேழு படங்கள்

கடைசி நாள். பாதி கட்டினால் போதும் என்றார்கள்.
ஆடுகோடி போக்குவரத்துக் காவல் நிலையத்தில்
வரிசை தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றிக்கொண்டு
தெருவுக்கே வந்துவிட்டது.
எனக்கு முன்னால் நின்ற பையன்
சாப்பாட்டுப் பையை முதுகிலிருந்து இறக்கவே இல்லை.
முப்பத்தொன்பது என்றான்,
மார்க் சொல்வதுபோல.

எங்களுடையது பதினேழு.
"ஹதினேளு அம்மா" என்று ஏட்டு
திரையை என் பக்கம் திருப்பினார்.
வண்டி பழைய எக்ஸெல். ஆர்.சி. என் பேரில்.
ஓட்டுவது சகாயராஜ்.

முதல் படம் சோனி சிக்னல்.
வெள்ளைக் கோட்டின் மேல் முன்சக்கரம்.
"ஒரு விரக்கடை தாண்டினா என்ன" என்று
அவர் கேட்பது படத்திலேயே கேட்கிறது.

இரண்டாவது ஈஜிபுரா ஒருவழி.
எதிர்த்திசையில் போகிறது வண்டி.
பின்னால் உட்கார்ந்து, கை நீட்டி,
இப்படிப் போனா கிட்ட என்று
வழி காட்டுகிறவள் நான்தான்.
அதை மட்டும் சீக்கிரம் தள்ளச் சொன்னேன்.

மூன்றாவதில் தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.
அந்த நேரத்தில் யாருடன் பேச்சு?
தேதியைப் பார்த்தேன். அதுவும் நான்.

நான்காவது ஜான்சன் மார்க்கெட்.
ஹெல்மெட் இருக்கிறது, முழங்கையில்,
கூடை மாதிரி.
அதற்குள் ஒரு டஜன் முட்டை.
ஒன்றுகூட உடையவில்லையே என்று
அன்றைக்கு மெச்சியிருக்கிறேன்.

மழையில் எடுத்த சில படங்கள், ஒரே கலங்கல்.
பிறகு ஒரே மாதிரி ஒன்பது.
எல்லாம் காலை ஏழே முக்கால், லாங்ஃபோர்ட் ரோடு,
ஓட்டுபவர் ஹெல்மெட் அணியவில்லை.
எனக்குப் புரியவில்லை.
தினமும் மாட்டிக்கொண்டுதானே
கேட்டைத் தாண்டுகிறார்?
பெரிசாக்குங்க சார் என்றேன்.

அவர் முதுகுக்குப் பின்னால்
ஒரு பெரிய கறுப்பு ஹெல்மெட்.
அதன் கீழே, கழுத்தே இல்லாமல்,
ஒரு பள்ளிக்கூடப் பை,
ஒரு காலில் மட்டும் இறங்கிப்போன சாக்ஸ்.
எங்கள் ரோஸ்லின்.
முனை திரும்பியதும்
தலை மாறியிருக்கிறது ஹெல்மெட்.

கண் கலங்கத் தயாரானது.
ஏட்டு அதற்கு நேரம் தரவில்லை.
பேனா முனையால் திரையைத் தொட்டார்:
"பெல்ட் நோடி அம்மா."
தாடைக்குக் கீழே
வார் இரண்டு பக்கமும் தொங்குகிறது
ஆட்டுக் காது போல.
பெரியவங்களோடது சின்னத் தலையில் நிற்காது,
விழுந்தால் பிள்ளைக்கு முன்னே அது பறந்துவிடும்
என்றார் கன்னடத்தில்.
அவருக்கும் மகள் இருக்கலாம்.
கேட்கவில்லை. பின்னால் வரிசை.

ஆக, அந்த ஒன்பது காலையும்
வண்டியில் ஒரு ஹெல்மெட் இருந்தது,
இரண்டு தலையும் வெறுந்தலை.

நாலாயிரத்து இருநூற்றைம்பது.
ரசீதை நாலாக மடித்தேன்.
வெளியே அவர் குத்துக்காலிட்டு
டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நேற்றுதான் காற்று அடித்தது.
"எவ்வளவு?"
"ஒன்பது நாள்" என்றேன்.
எழுந்து நின்றார்.
"லாரி பக்கத்துல வந்தா பயப்படுறா மேரி.
அத மாட்டினா சத்தம் கொறையுதாம்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை,
கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

ஓசூர் ரோட்டோரக் கடையில்
முந்நூறு ரூபாய்க்கு ஒன்று பளபளத்தது.
விரலால் தட்டினேன்.
பிளாஸ்டிக் குடத்தின் சத்தம்.
ஐ.எஸ்.ஐ. போட்டது எடுங்க.
சின்னது ஒன்று, எனக்கு ஒன்று.
தள்ளுபடியில் தப்பிய பாதியிலிருந்து
எண்ணிக் கொடுத்தேன்.

திரும்பும்போது மறுபடி சோனி சிக்னல்.
தொண்ணூற்று நான்கு வினாடி.
கோட்டுக்கு ஒரு முழம் பின்னாலேயே நின்றுவிட்டார்.
எங்களுக்குப் பின்னால் ஒரு கார்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
அவர் கழுத்து விறைத்தது. நகரவில்லை.
என் மடியில் சின்ன ஹெல்மெட்.
வாரை மாட்டினேன், கழற்றினேன்,
க்ளிக், க்ளிக்,
அவர் காதில் விழட்டும் என்று.

கம்பத்து உச்சியில் கேமரா
எங்களைத் தாண்டி வேறு யாரையோ பார்த்தது.
இப்படி நிற்பவர்களை
அது படம் எடுப்பதில்லை.